மாடித் தொட்டியில் வைத்த சின்ன வெங்காயத்தைச் சுற்றிக் கருப்பாகக் குட்டிப் பூச்சிகள் கொசு மாதிரி தள்ளாடிப் பறக்கின்றன. என்ன அடிக்கலாம்?

எதையும் அடிப்பதற்கு முன்னால் தொட்டியின் ஓரத்தை லேசாகத் தட்டிப் பாருங்கள். பூச்சி மண்ணிலிருந்து கிளம்புகிறதா, வெங்காயத்தாளிலிருந்து கிளம்புகிறதா? அது தெரிந்தால்தான் மருந்தைப் பற்றிப் பேச முடியும்.

கருப்பு, கொசு மாதிரி தள்ளாடிப் பறக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் அது ஈர மண்ணில் பெருகும் பூஞ்சை ஈதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் கடலூர் மஞ்சக்குப்பம் பக்கத்து மாடிகளில் இது இல்லாத தொட்டி குறைவு. தேங்காய் நார்க்கழிவு, அரைகுறையாக மக்கிய எரு, மேலே போட்ட வாழைப்பழத்தோல் எல்லாம் அதற்கு விருந்து. யூடியூப் பார்த்துக் கண்டதையும் மேல்மண்ணில் கொட்டுகிறவர்கள் வீட்டில் இன்னும் அதிகம்!

பறப்பதை விரட்டிப் பெரிய பயன் இல்லை. அது ஏறக்குறைய ஒரு வாரத்தில் தானே செத்துவிடும். வேலையெல்லாம் மேல்மண்ணில் இருக்கும் அதன் புழுவிடம்தான். உடம்பு கண்ணாடி மாதிரி வெள்ளையாகவும் தலை மட்டும் கருப்பாகவும் இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு உருளைக்கிழங்குத் துண்டை மண்மேல் கவிழ்த்து வைத்து, இரண்டு மூன்று நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள். புழு இருந்தால் அடியில் ஒட்டியிருக்கும். அது முக்கியமாகத் தின்பது பூஞ்சையும் மக்கும் குப்பையும். ஆனால் பெருகிவிட்டால் இளம் வேர்களையும் கடிக்கும்.

முதல் வைத்தியம் தண்ணீரைக் குறைப்பது. மேலே ஒரு அங்குலம் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். வெங்காயம் அதைத் தாங்கும், புழு தாங்காது. அடைமழையில் தொட்டியை நிழற்கூரைக்குள் இழுத்து வையுங்கள். மேலே அரை அங்குலம் ஆற்று மணல் பரப்பினால் ஈ முட்டையிடுவது குறையும். தயவுசெய்து தேவனாம்பட்டினம் கடற்கரையில் அள்ளி வராதீர்கள், வெங்காயத்துக்கு உப்பு ஆகாது. மஞ்சள் ஒட்டும் அட்டையை மண்ணை ஒட்டினாற்போல் செருகி வைத்தால் பறப்பவையும் மாட்டும், கூடுகிறதா குறைகிறதா என்றும் தெரியும்.

அப்படியும் அடங்காவிட்டால் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து இருக்கிறது. கொசுப்புழுவைக் கொல்லப் பயன்படுவது. பக்கத்துப் புதுச்சேரியில் இருக்கும் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இதில் பி-17 என்ற வகையைக் கொசு ஒழிப்புக்காக உருவாக்கியது. இந்த ஈயின் புழுவுக்கும் பி.டி.ஐ. வேலை செய்யும். பாக்கெட்டில் போட்ட அளவுப்படி தண்ணீரில் கலந்து மண்ணில் ஊற்ற வேண்டும். தாளில் அடித்து லாபமில்லை.

சரி, பூச்சி தாளிலிருந்துதான் கிளம்புகிறது என்றால்? தாளில் வெள்ளி பூசினது போலத் திட்டுகள் இருக்கின்றனவா, நடுவில் தாள்கள் பிரியும் இடுக்கில் மஞ்சளாக, ஒரு மில்லிமீட்டர் அளவில் ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். அது இலைப்பேன். மழையில் அடங்கும், தை மாசி முடிந்து வெயில் ஏறினால் பெருகும். வெங்காயத்துக்கு உண்மையான எதிரி இதுதான், பூஞ்சை ஈயைவிட நான் இதற்குத்தான் பயப்படுவேன். முதலில் காலையில் தண்ணீரைப் பீய்ச்சி அந்த இடுக்கைக் கழுவுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். அதைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலில் அடித்துக் குழப்பிய பிறகே தண்ணீரில் சேர்க்க வேண்டும். வெங்காயத்தாளில் மெழுகு படிந்திருப்பதால், சோப்பு இல்லாவிட்டால் மருந்து உருண்டு கீழே போய்விடும். வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள், வாரம் ஒரு முறை. முட்டை தாளுக்குள்ளேயே இருப்பதால் ஒரே தடவையில் ஒழியாது. இதற்கு நீல அட்டை நன்றாக எடுபடும்.

இணையத்தில் வெங்காய ஈ என்று ஒன்றைப் பற்றிப் படித்துப் பயந்திருந்தால் விட்டுவிடுங்கள். அது குளிர்நாட்டுப் பூச்சி, நம் கடலோரச் சூட்டுக்கு வருவதல்ல. வீட்டுக் கொசு ஸ்பிரேயை மட்டும் செடிமேல் அடிக்காதீர்கள், அந்தத் தாளை நாளைக்கு நீங்களே பொரியலில் போடப்போகிறீர்கள்.