யுத்த கால மதுரை: பதுக்கல், கள்ள மார்க்கெட், கைரேகை (கேள்வி பதில்)

கேள்விகள் குவிந்துவிட்டன. 1939 முதல் 1945 வரைக்கும் உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

செல்லூர் நண்பர்: அண்ணே, அப்போது கள்ள மார்க்கெட்டில் அதிகம் ஓடியது அரிசிதானே?

அரிசிதான், ஆனால் தறிக்காரர்கள் நிறைந்த உங்கள் செல்லூர்ப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் நூல் என்பார்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றுபோனது. மூட்டைகளைப் பின்கட்டில் அடுக்கிவிட்டு "சரக்கு இல்லை" என்று சொன்னவனுக்கு வாரா வாரம் லாபம் ஏறியது, கத்தியே தூக்க வேண்டியதில்லை. நூல் கதை இன்னும் கொடுமை. ஆலைகள் ராணுவத் துணிக்குத் திரும்பியதும் தறிக்காரர் வீட்டில் அடுப்பு அணைந்தது. 1943-ல் துணி, நூல் கட்டுப்பாட்டு உத்தரவு போட்டுத் துணியிலேயே விலையை அச்சடிக்கச் சொன்னார்கள். அச்சடித்த விலைக்கு ரசீது, மீதி தனியாகக் கையில். ரசீதை மட்டும் பார்த்தால் ஒரு தப்பும் தெரியாது. சில்லறைக் காசைக்கூடப் பதுக்கினார்கள், அதுவும் குற்றம்தான். செம்பை மிச்சம் பிடிக்க 1943-ல் வந்ததுதான் ஓட்டைக் காலணா.

திருமங்கலம் வாசகர்: ஐயா, பாட்டி ஊறல் பானைக் கதை சொல்வார். அன்று மதுரையில் கள்ளச்சாராயம் எந்தப் பக்கம் காய்ச்சினார்கள்?

மதுவிலக்கு இருந்ததாக நினைத்துக் கேட்கிறீர்கள். அது 1937-ல் சேலத்தில் தொடங்கியது, பிறகு சித்தூர், கடப்பை, வட ஆற்காடு. மதுரை அதில் இல்லை, இங்கே கடைகள் ஏலம் போய்ச் சட்டப்படியே நடந்தன. இருந்த இடத்திலும் 1943-ல் நிறுத்திவைத்தார்கள். மாகாணம் முழுக்க வந்தது 1948 அக்டோபர் 2-ல். பாட்டி சொன்ன கதை யுத்தத்துக்குப் பிந்தியதாக இருக்கும்.

லட்சுமிகாந்தனைக் கொன்றது பாகவதர்தானா?

சென்னை வழக்கு. சினிமாக்காரர்களைப் பற்றி அவதூறு எழுதிய பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8 குத்துப்பட்டார், மறுநாள் இறந்தார். நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் தண்டனை பெற்று, 1947-ல் விடுதலையானார்கள். விடுதலையானவரைக் கொலைகாரர் என்று நான் எழுத மாட்டேன்.

பாகவதர் கொலை வழக்கு பற்றி...

மேலே பாருங்கள். இதோடு மூன்றாவது ஆள்.

தாசிகள் இருந்த தெரு எது?

சொல்ல மாட்டேன். அந்த வீடுகளில் இன்றும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கல்லூரி மாணவர்: போலீஸ் ரிக்கார்டில் திருடர்கள் யார் என்று தெளிவாக இருக்கிறதே, அதுதானே ஆதாரம்?

தம்பி, எத்தனை முறை சொன்னாலும் இதை மறுபடி சொல்வேன்: ஏட்டை எழுதியவன் யார் என்று முதலில் பாருங்கள். உசிலம்பட்டிப் பக்கம் பிறமலைக் கள்ளர்களைப் பிறப்பை வைத்தே குற்றப் பரம்பரை என்று பதிந்தார்கள். கைரேகை வைக்கணும், ராத்திரி ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்கணும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்கணும். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ல் சுட்டார்கள். இந்தக் குற்றப் பரம்பரைச் சட்டம் ரத்தானது 1947-ல், அதாவது யுத்தம் முழுக்க அமலில் இருந்தது. சீட்டு இல்லாமல் சந்தைக்குப் போனவன் அந்த ஏட்டில் குற்றவாளி. பின்கட்டில் நூறு மூட்டை வைத்திருந்தவன் சாதிக்கு யாரும் ரேகை எடுக்கவில்லை.

அதே மாணவர்: ஆனால் கன்னம் வைத்துத் திருடியது நடந்ததே?

நடந்தது, மறுக்கவில்லை. திருடியவனைப் பிடியுங்கள். அவன் தம்பி, பங்காளி, பக்கத்து ஊர்க்காரன், நேற்றுப் பிறந்த பிள்ளை எல்லாரும் எந்தக் கணக்கில் வருகிறார்கள்?

அதே மாணவர்: நீங்கள் நடுநிலையாகப் பேசவில்லை.

ரேகை வைத்தவர்களின் பேரன்களோடு ஒரு நாள் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள், அப்புறம் தொடரலாம்.

செக்கானூரணியிலிருந்து ஒரு தங்கை: எங்கள் தாத்தா பெயர் ரேகைப் பதிவேட்டில் இருக்குமா அண்ணே?

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பாரும்மா. தாத்தா பெயர், தகப்பன் பெயர், ஊர், பழைய தாலுகா நான்கையும் எழுதிக்கொண்டு போ. அதற்கு முன்னால் வீட்டு டிரங்குப் பெட்டியைப் பார். ராதாரிச் சீட்டு கிடைத்தால் மடிப்பை அழுத்தாமல் படம் எடுத்து எனக்கு அனுப்பு.