சாயத்தை விலக்கினால் விவசாயமும் போகிறதே!

கேள்வி: திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன், பல்லடம் பக்கம் கொஞ்சம் தென்னந்தோப்பும் உண்டு. இரண்டுக்கும் ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் கணக்கு எழுதி, ஹெச்லெட்ஜர் என்ற கணக்கு நிரலில் ரிப்போர்ட் எடுக்கிறேன். சாயப்பட்டறைக்குக் கொடுத்தது நீங்கலாக, 2024–25இல் 50,000 ரூபாய்க்கு மேல் போன செலவுகளை மட்டும் கேட்டேன். ஏதோ பிழை என்கிறது. ஃபோல்டரில் ‘50000’ என்று ஒரு காலி ஃபைல் வேறு முளைத்திருக்கிறது. வைரஸ்ங்களா? தொகையை எடுத்துவிட்டுக் கேட்டால் ரிப்போர்ட் வருகிறது, ஆனால் தோப்புச் செலவு ஒன்றுகூட இல்லை. நான் கொடுத்தது இதுதான்:

ஹெச்லெட்ஜர் ரெஜிஸ்டர் செலவு நாட்:சாயம் ஏஎம்டி:>50000 டேட்:2024-04-01..2025-03-31

பதில்: வைரஸெல்லாம் இல்லைங்க, பயப்படாதீர்கள். (கட்டளைச் சொற்களை இங்கே உச்சரிப்பாகத்தான் எழுதுகிறோம், தட்டும்போது வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ‘நாட்’ என்றால் விலக்கு, ‘ஏஎம்டி’ என்றால் தொகை, ‘டேட்’ என்றால் தேதி.)

முதலில் அந்தக் காலி ஃபைல். ‘>’ குறியைப் பார்த்தால் கட்டளை தட்டும் டெர்மினலுக்கு ஒரே அர்த்தம்தான்: வருவதை இந்தப் பெயருள்ள ஃபைலில் கொட்டு. அது 50000 என்று ஒரு ஃபைலைத் திறந்து வைத்துவிட்டு, மிச்சமிருந்த ‘ஏஎம்டி:’யை மட்டும் ஹெச்லெட்ஜரிடம் நீட்டியது. எண் இல்லாத நிபந்தனையை அது ஏற்காது, அதுதான் பிழை. அந்தப் பகுதியை "ஏஎம்டி:>50000" என்று இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் தீர்ந்தது. இதில் அலட்சியம் வேண்டாம். ‘>’ குறிக்குப் பின்னால் தவறிக் கணக்கு ஃபைலின் பெயரே வந்திருந்தால், வருடக் கணக்கு ஒரு நொடியில் துடைத்துப் போயிருக்கும்.

தோப்புச் செலவு காணாமல் போன கதை தமிழில் கணக்கு எழுதுபவர்களுக்கு மட்டுமே வாய்க்கும் வேடிக்கை. ஹெச்லெட்ஜர் முழுச் சொல்லாகத் தேடாது. கணக்குப் பெயருக்குள் எங்கே அந்த எழுத்துகள் வரிசையாக வந்தாலும் பிடித்துக்கொள்ளும். உங்கள் தோப்புப் பதிவு இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்:

2024-08-12 உரக்கடை
    செலவு:விவசாயம்:உரம்    ₹54000
    வங்கி

‘விவசாயம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கடைசியில் ‘சாயம்’ உட்கார்ந்திருக்கிறதா? சாயத்தை விலக்கச் சொன்னீர்கள், அது உரம், ஆள்கூலி, தேங்காய் வெட்டு எல்லாவற்றையும் சேர்த்து விலக்கிவிட்டது. ‘சாய’ என்று சுருக்கியிருந்தால் சாயங்கால டீச் செலவும் போயிருக்கும்! பெயர் எங்கே தொடங்குகிறது என்று சொல்லிவிடுங்கள்: "நாட்:^செலவு:சாயம்". முன்னால் இருக்கும் கூரைக் குறிக்கு ‘பெயரின் தொடக்கம்’ என்று பொருள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. தேதியில் இரண்டாவதாகக் கொடுக்கும் நாள் கணக்கில் சேராது. அதற்கு முந்தின நாளோடு நின்றுவிடும். ஆக, ஆண்டுக் கடைசியில் போடும் பில்லெல்லாம் குவிகிற மார்ச் 31 அப்படியே விடுபட்டிருக்கும். ஆடிட்டரிடம் போன பிறகு இது தெரிந்தால் சங்கடம். 2025-04-01 என்று கொடுங்கள். 2003இல் ஜான் வீக்லி வெளியிட்ட, ஹெச்லெட்ஜருக்கு முன்னோடியான லெட்ஜர் நிரலிலும் முடிவுத் தேதிக்கு இதே வழக்கம்தான்.

சரி, திருத்திய கட்டளை:

ஹெச்லெட்ஜர் ரெஜிஸ்டர் செலவு "நாட்:^செலவு:சாயம்" "ஏஎம்டி:>50000" டேட்:2024-04-01..2025-04-01

பின்னால் இன்னொரு கணக்கையும் சேர்க்க நினைத்தால், இரண்டு கணக்குப் பெயர் கொடுத்தால் இதுவோ அதுவோ என்று இரண்டையும் காட்டும். கணக்கு, தொகை, தேதி என வெவ்வேறு வகையாகக் கொடுத்தால் எல்லாமே பொருந்த வேண்டும்.

அப்புறம், தொகை நிபந்தனை ஒவ்வொரு பதிவு வரியையும் தனித்தனியாகத்தான் பார்க்கும், மொத்தத்தைப் பார்க்காது. சனிக்கிழமைதோறும் 18,000 சம்பளம் போட்டால் மாதம் 72,000 ஆகிறது. ஆனாலும் ஒரு வாரம்கூட இந்த ரிப்போர்ட்டில் வராது. அதற்கு ரெஜிஸ்டருக்குப் பதில் கணக்குவாரியாகக் கூட்டித் தரும் பேலன்ஸ் கட்டளையை மாதவாரியாக ஓட்டி, தொகை நிபந்தனையை விட்டுவிட்டு, பெரிய எண்களைக் கண்ணால் பார்த்துக்கொள்வதே எனக்குச் சுலபமாகப் படுகிறது.