குட்டியைக் குளிப்பாட்டினால் மட்டும் தெள்ளு போகாது

கேள்வி: ஆறு வார நாட்டு நாய்க்குட்டி ஒன்றை எடுத்து வந்திருக்கிறோம். வயிற்றிலும் வால் அடியிலும் தெள்ளுப்பூச்சி ஓடுகிறது, நாள் முழுக்கச் சொறிகிறது. இந்தக் குளிரில் குளிப்பாட்டலாமா? வெந்நீரில் நாலு சொட்டு நீலகிரித் தைலம் விட்டால் போதும் என்கிறார்கள் பக்கத்து வீட்டில்.
– வாசகி, கோத்தகிரி

பதில்: தைலம் வேண்டவே வேண்டாம். நம் சளிக்கு நல்லது என்பதால் குட்டிக்கும் ஆகும் என்று மலையில் பலர் நம்புகிறார்கள். தோல் வழியாகவும், நக்கும்போது வாய் வழியாகவும் உள்ளே போனால் வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு வரை வரலாம். கற்பூரம், மண்ணெண்ணெய், பெரிய நாய்க்கு விற்கும் உண்ணிப் பவுடர் எதுவும் கூடாது.

குளிப்பாட்டலாம். ஆனால் இந்த வயதில் குட்டியால் தன் உடல் சூட்டைச் சரியாகக் காக்க முடியாது; மூடுபனி இறங்கிய நாளில் தண்ணீர் பக்கமே போகாதீர்கள். வெயில் அடிக்கும் நாளில், 11 மணிக்கு மேல், கதவு ஜன்னலைச் சாத்திய அறையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு துண்டுகளை முன்பே அடுப்பருகில் சூடாக்கி வையுங்கள். தண்ணீர் உங்கள் முழங்கைக்கு இளஞ்சூடாகத் தெரிந்தால் போதும், ஏறக்குறைய 37 டிகிரி.

முதலில் கழுத்தைச் சுற்றி நுரையால் ஒரு வளையம் போடுங்கள். உடம்பு நனைந்ததும் தெள்ளு உலர்ந்த இடம் தேடி முகத்துக்கும் காதுக்கும் ஓடும். இதை விட்டுவிட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள். குழந்தைகளுக்கான ஷாம்பு போதும். வெறும் தண்ணீரில் தெள்ளு மிதந்து தப்பிவிடும், சோப்புத் தண்ணீரில்தான் மூழ்கும். நுரையோடு மூன்று, நான்கு நிமிடம் விட்டு, பேன் சீப்பால் முடியின் போக்கிலேயே வாருங்கள். சிக்கியதைச் சோப்புத் தண்ணீர் கிண்ணத்தில் முக்குங்கள். தலையில் தண்ணீர் ஊற்றாமல் ஈரத்துணியால் முகத்தைத் துடையுங்கள். அலசியதும் ஒத்தி எடுத்து, அடிமுடி வரை காய்ந்த பிறகே கீழே விடுங்கள். தினமும் குளிப்பாட்டத் தேவையில்லை, சீப்பு மட்டும் தினமும் போடுங்கள். சீப்பில் வரும் கருந்துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், குட்டியின் ரத்தம்தான்.

இனிதான் பெரிய வேலை. உடம்பில் தெரிவது கொஞ்சம். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் படுக்கையிலும் தரை இடுக்கிலும் இருக்கின்றன. கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் காத்திருந்து, ஆள் நடமாட்டத்தின் அதிர்வும் சூடும் பட்டதும் வெளியே வரும். குட்டி படுக்கும் சாக்கையும் பழைய கம்பளியையும் தூக்கிப் போட்டுவிட்டு, கொதிநீரில் அலசக்கூடிய பருத்தித் துணியை விரியுங்கள். வாரம் இருமுறை மாற்றுங்கள். மரத்தரை இடுக்கு, சோபா அடி, அடுப்பு ஓரம் எல்லாம் தினமும் பெருக்கி, குப்பையை உடனே வெளியேற்றுங்கள். மூன்று மாதமாவது விடாமல் செய்யுங்கள். வீட்டில் வேறு நாயோ பூனையோ இருந்தால் அவற்றுக்கும் ஒரே சமயத்தில் மருந்து வேண்டும். ஆனால் நாய் மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். சில நாய் மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூனையைக் கொன்றுவிடும்.

குட்டியின் ஈறைத் தூக்கிப் பாருங்கள். வெளிறியிருந்தாலோ, குட்டி சோர்ந்து பால் குடிக்காவிட்டாலோ அது ரத்தசோகையாக இருக்கலாம். அன்றே கால்நடை மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மலத்தில் அரிசி போல நெளிவது நாடாப்புழு, தெள்ளை விழுங்கி வருவது. அதற்குத் தனி மாத்திரை. தெள்ளு மருந்து எதுவானாலும் குட்டியின் வயதையும், அன்றைக்கு எடுத்த எடையையும் மருத்துவரிடம் சொல்லியே வாங்குங்கள்.