மதுரையிலிருந்து காரில் ஐந்து நாள்: காட்டு விலங்குகளைப் பார்க்க எந்த வழி, எந்த மாதம்?

கேள்வி: மதுரை திருநகரில் வசிக்கிறோம். நானும் மனைவியும், மூன்றாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகள் இருவரும், மூட்டுவலி உள்ள என் அம்மாவும் சொந்தக் காரில் அரையாண்டு விடுமுறையில் ஐந்து நாள் பயணம் போக நினைக்கிறோம். கொடைக்கானல், மூணாறு, தேக்கடி, வால்பாறை, முதுமலை, பந்திப்பூர் ஆகிய எல்லா இடங்களையும் பட்டியலில் எழுதியிருக்கிறோம். யானையையாவது பார்த்துவிட வேண்டும், முடிந்தால் புலியையும் பார்க்க வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. இந்தத் திட்டம் நடக்குமா?

பதில்: இந்தப் பட்டியலோடு ஐந்து நாளில் கிளம்பினால் பகல் முழுவதும் காருக்குள்ளேயே கழியும். காட்டு விலங்குகள் பெரும்பாலும் விடியற்காலையிலும் மாலை வெயில் தணிந்த பிறகும்தான் வெளியே வரும். அந்த இரண்டு வேளையிலும் நீங்கள் ஏதாவது ஒரு மலைச்சாலையில் வளைவுகளைக் கடந்துகொண்டிருப்பீர்கள் என்பதால், ஆறு காடுகளின் வழியாகச் சென்றும் ஒன்றையும் பார்க்காமல் திரும்ப நேரிடும். ஆகவே முதுமலையையும் பந்திப்பூரையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மதுரையிலிருந்து முதுமலைக்கு மட்டுமே 300 கிலோமீட்டருக்கு மேல் ஆகும், பந்திப்பூர்ச் சாலையோ இரவு 9 மணிக்கு மூடப்பட்டு மறுநாள் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். கொடைக்கானலையும் விட்டுவிடச் சொல்வேன். வரைபடத்தில் கொடைக்கானலும் மூணாறும் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும்; ஆனால் பேரிஜம் ஏரி, டாப் ஸ்டேஷன் வழியாக முன்பு இருந்த பாதை பல ஆண்டுகளாகப் பொது வாகனங்களுக்கு மூடப்பட்டே இருக்கிறது. வத்தலக்குண்டுக்கு இறங்கி, தேனி, போடி வழியாக மறுபடியும் மலையேறித்தான் மூணாறு போக முடியும். ஏறி இறங்கி ஏறும் அந்த ஒரு நாள் உங்கள் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் பெரிய அலைச்சல்.

நான் பரிந்துரைப்பது, மதுரை, குமுளி, மூணாறு, மறையூர், சின்னாறு, உடுமலைப்பேட்டை, பழனி, திண்டுக்கல், மதுரை என்று ஒரே சுற்றாக அமையும் வழி. மொத்தம் 500 கிலோமீட்டர் அளவில் முடியும். வந்த வழியே திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை. பசுமை மாறா மழைக்காடு, புல்வெளியும் சோலையும் கலந்த உயர்மலை, முள்மரங்கள் நிறைந்த மழைமறைவுக் காடு என்று மூன்று வகைக் காடுகளை இந்த ஒரு சுற்றிலேயே பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை, அரையாண்டு விடுமுறை வேண்டாம். கார்த்திகையிலிருந்து மகரவிளக்கு வரை சபரிமலைக்குச் செல்லும் பக்தர்களின் வாகனங்களால் தேனி, கம்பம், குமுளிச் சாலை நிரம்பியிருக்கும். நெரிசல் மிகுந்த நாட்களில் கம்பம்மெட்டு வழியாக ஏறி குமுளி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதையாகவும் மாற்றிவிடுவார்கள். மூணாற்றிலோ கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டம் தாங்காது. ஆண்டுத் தேர்வு முடிந்தவுடன், ஏப்ரல் மாதத்தில், வார நாட்களாகப் பார்த்துக் கிளம்புங்கள். கோடையில் காட்டு ஓடைகள் வற்றுவதால் விலங்குகள் ஏரிக்கரைக்கும் ஆற்றங்கரைக்கும் இறங்கிவரும். இரவிகுளம் தேசியப் பூங்காவை வரையாடுகள் குட்டி ஈனும் காலமான பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வழக்கமாக மூடிவிடுவார்கள்; ஏப்ரலில் சென்றால் சில வாரக் குட்டிகளையும் பார்க்கலாம்.

முதல் நாள் உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, சின்னமனூர், கம்பம் வழியாகக் குமுளிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல்களுக்கு அருகே ஒருமுறையும் லோயர் கேம்ப்பில் ஒருமுறையும் நிறுத்துங்கள். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் மணிமண்டபம் லோயர் கேம்ப்பில் இருக்கிறது. பெரியாறு நீரை மலையிலிருந்து மின்நிலையத்துக்கு இறக்கும் ராட்சதக் குழாய்களையும் அங்கே காணலாம். 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் நீர்தான் வைகை வழியாக மதுரைக்கு வருகிறது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். மறுநாள் அவர்கள் படகில் போகும் தேக்கடி ஏரி, வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரின் தொடக்கம் என்று தெரிந்தால் அவர்கள் பார்க்கும் விதமே மாறும்.

இரண்டாம் நாள் தேக்கடியில் காலை முதல் படகுக்கே இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பத்து மணிக்கு மேல் செல்லும் படகில் பெரும்பாலும் நீரையும் மரங்களையும்தான் பார்த்துத் திரும்புவீர்கள். அணை கட்டியபோது மூழ்கிய மரங்களின் பட்ட அடிமரங்கள் இன்னமும் நீருக்கு மேலே நிற்கின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். கரையில் கடமான், காட்டுமாடு, காட்டுப்பன்றி ஆகியவற்றையும், பொறுமை இருந்தால் நீர்நாய்க் கூட்டத்தையும் காண வாய்ப்பு அதிகம். யானை சில நாட்களில் தண்ணீருக்கு வரும். புலி இந்தக் காட்டில் உண்டு என்றாலும் படகிலிருந்து அதைப் பார்ப்பது மிகமிக அரிது; அந்த எதிர்பார்ப்பைப் பிள்ளைகளின் மனத்தில் வளர்க்காதீர்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: விலங்கு தென்பட்டவுடன் இருக்கையை விட்டு எழுந்து ஒரு பக்கமாகச் சாய்வதும், பாதுகாப்பு மிதவை அங்கியைக் கழற்றுவதும் கூடவே கூடாது. 2009-இல் இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தார்கள்.

அன்று மதியம் நெடுங்கண்டம், பூப்பாறை வழியாக மூணாறு செல்லுங்கள். இது நான்கு மணி நேரப் பாதை. பூப்பாறையைத் தாண்டியதும் வரும் ஆனையிறங்கல், சின்னக்கானல் பகுதி யானைகளின் நடமாட்டம் மிகுந்தது. 2023-இல் கம்பம் நகருக்குள் நுழைந்த அரிக்கொம்பன் சின்னக்கானலில் பிடிக்கப்பட்ட யானைதான். எனவே இருட்டுவதற்குள் அந்தப் பகுதியைக் கடந்துவிட வேண்டும்.

சாலையில் யானை நின்றால் என்ன செய்வது என்பதை ஓட்டுபவர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். தொலைவிலேயே வண்டியை நிறுத்துங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், விளக்கைப் பளிச்சிடாதீர்கள், யாரும் கீழே இறங்காதீர்கள். காதை ஆட்டிக்கொண்டும் புல்லைப் பிடுங்கிக் காலில் தட்டிக்கொண்டும் இருக்கும் யானை அமைதியாக இருக்கிறது. மேய்வதை நிறுத்தி, காதுகளை விரித்தபடி அசையாமல் உங்களையே நோக்கி நின்றால், அது உங்களை விலகச் சொல்கிறது. அப்போது வண்டியை மெதுவாகப் பின்னால் எடுங்கள். குட்டியோடு நிற்கும் கூட்டத்துக்கு நடுவே இடைவெளி தெரிந்தாலும் புகுந்துவிடக் கூடாது.

மூன்றாம் நாள் காலை இரவிகுளம். மறையூர் செல்லும் சாலையிலேயே நுழைவிடம் இருப்பதால் அலைச்சல் இல்லை. உங்கள் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, பூங்காவின் பேருந்தில்தான் மேலே செல்ல வேண்டும். இறக்கிவிட்ட இடத்திலிருந்து சற்றுத் தூரம் ஏற்றமான தார்ச்சாலையில் நடக்க வேண்டும். அம்மா பேருந்து நிற்கும் இடத்துக்கு அருகிலேயே உட்கார்ந்திருந்தாலும் இழப்பு ஒன்றும் இல்லை, ஏனென்றால் வரையாடுகள் பல நேரம் சாலையோரப் பாறைகளுக்கே இறங்கிவரும். முதிர்ந்த கிடாயின் முதுகில் வெண்சாம்பல் நிறத் திட்டு ஒன்று இருக்கும். அதை வைத்துப் பிள்ளைகளே அடையாளம் காணலாம். நம் மாநில விலங்கை இத்தனை அருகில் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. தொடவோ தீனி கொடுக்கவோ மட்டும் விடாதீர்கள். மாலையில் மறையூருக்கு இறங்கி அங்கேயே தங்குங்கள்.

மூணாற்றில் இன்னொரு இரவு தங்கலாமே என்று தோன்றும். மறையூரில் தங்கச் சொல்வதற்குக் காரணம் சின்னாறு சரணாலயம். நான்காம் நாள் மறையூரை விட்டு விடிந்தவுடன் கிளம்பினால், சோதனைச்சாவடியைத் தாண்டி அந்தக் காட்டுச் சாலையில் நுழையும்போது வெயில் ஏறியிருக்காது. மேற்கே மழை கொட்டும்போதும் இங்கே வறண்டு கிடக்கும் என்பதால் காடு அடர்த்தியின்றி, பார்வைக்குத் திறந்திருக்கும். புள்ளிமான், காட்டுமாடு, மந்தி, சில சமயம் யானை ஆகியவற்றைக் காரிலிருந்தே பார்க்கலாம். ஆனால் இங்கே தேட வேண்டியது சாம்பல்நிற மலையணில். ஆற்றோர மருத மரங்களின் கிளைகளில் அது மல்லாந்து படுத்து, நீண்ட வாலைத் தொங்கவிட்டபடி இருக்கும். முதலில் கண்ணில் படுவது அந்த வால்தான். தானாகத் தேடினால் கிடைக்காது. சோதனைச்சாவடியில் பதிவு செய்து, அங்குள்ள பழங்குடி வழிகாட்டி ஒருவருடன் ஆற்றங்கரைக்கு நடந்து செல்லுங்கள். அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியை நிறுத்தக் கூடாது, இரவில் அந்தச் சாலையில் செல்லவும் கட்டுப்பாடு உண்டு. எரிபொருளை மூணாற்றிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டுப் பக்கம் வந்ததும் ஆனைமலைப் புலிகள் காப்பகம் தொடர்கிறது. ஒன்பதாறு சோதனைச்சாவடி வரை அதே கவனம் வேண்டும். அமராவதி அணையில் முதலைப் பண்ணையைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, அன்றிரவு உடுமலையில் தங்குங்கள். ஐந்தாம் நாள் பழனி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக மதியத்துக்குள் வீடு சேரலாம்.

மலையிறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள். வால்பாறையை வேறொரு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் சாலைக்கும் சிங்கவால் குரங்குகளுக்கும் தனியாக இரண்டு நாள் வேண்டும்.

கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிறு அதிகாலை, மேலூருக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. பாறைக் குன்றுகளில் லகர் வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகள் வட்டமிடும். புதிதாக வாங்கும் பைனாகுலரில் பறக்கும் பறவையைப் பிடித்துப் பார்க்க அங்கே பழகிக்கொண்டால், தேக்கடிப் படகில் கருவியைச் சரிசெய்வதிலேயே நேரம் போகாது. 8 மடங்கு பெருக்கம் போதும். அதற்கு மேல் போனால் பிள்ளைகளின் கையில் காட்சி நடுங்கும்.