கொரியாடவுனில் அறுபது வயதில் வேலை: கேள்வி பதில்

லாஸ் ஏஞ்சலிஸ் கொரியாடவுனில் வேலை தேடும் கொரிய முதியவர்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருவது என் சனிக்கிழமைப் பணி. அதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: அந்த வயதில் ஏன் அமெரிக்கா போகிறார்கள்?

பதில்: பிள்ளைகள் அழைப்பதால்தான். குடியுரிமை பெற்ற மகனோ மகளோ பெற்றோரை வரவழைக்க ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு கிடையாது. பேரன் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் வீட்டில் வேலை இல்லை. பஸ் டிக்கெட்டுக்கு மருமகளிடம் கேட்கக் கூச்சம்.

கேள்வி: கொரியர் கடைகளிலேயே சேரலாமே? அங்கே மொழிச் சிக்கல் இராதே!

பதில்: அங்கேதான் இருக்கிறது. கொரிய மொழியில் எதிரே நிற்பவரின் வயதைப் பார்த்து வினைமுற்றே மாறும். பெரியப்பா வயதுக்காரரிடம் "பாத்திரத்தைக் கழுவு" என்று நம்மவருக்கே வாய் வராது. நாற்பது வயதுக் கொரிய முதலாளிக்கு எப்படி வரும்? இளைஞராகப் பார்த்து எடுத்துக்கொள்கிறார்.

கேள்வி: விண்ணப்பத்தில் பொதுவாக என்ன தவறு செய்கிறார்கள்?

பதில்: சியோலில் வங்கி மேலாளராக இருந்த ஒருவர் கொண்டுவந்த தாளின் மூலையில் கோட்டு, டையுடன் புகைப்படம், பக்கத்தில் பிறந்த தேதி. கொரியாவில் அதுதான் வழக்கம். நாற்பது கடந்தவரை வயதைக் காட்டி ஒதுக்குவதை அமெரிக்கா 1967-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது. ஆனால் மறுப்பவர் காரணம் சொல்வதில்லை. வயதை நாமே எழுதிக் கொடுப்பானேன்? படத்தைக் கிழிக்க மனமின்றி, நகத்தால் மெல்லப் பிரித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். இப்போது மளிகைக் கடையில் முள்ளங்கி அடுக்குகிறார்.

கேள்வி: சொந்தக் கடை?

பதில்: நம் சீட்டைப் போலவே அவர்களிடம் 'கே' உண்டு, அதை எடுத்துக் கடை வைத்தவர்கள் ஏராளம். 1992-ல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த கலவரத்தில் கொரியர்களின் கடைகள் 2,000-க்கும் மேல் சேதமாயின. அறுபதில் கடனை ஏற்றிக்கொள்ள நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: சம்பளத்தை ரொக்கமாகத் தருகிறேன் என்கிறாராம் முதலாளி. வாங்கலாமா?

பதில்: கணக்கில் காட்டாத ரொக்கம் என்றால் வேண்டவே வேண்டாம். அமெரிக்க அரசு ஓய்வூதியத்துக்கு 40 கிரெடிட் தேவை; கணக்கில் காட்டிய சம்பளத்துக்கு ஏறும் புள்ளிதான் கிரெடிட். ஆண்டுக்கு நான்குக்கு மேல் சேராது. அப்படியானால் பத்து ஆண்டு! ஆனால் இரு நாடுகளுக்கிடையே 2001 முதல் ஓர் ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. அமெரிக்காவில் ஆறு கிரெடிட் சேர்த்துவிட்டால், கொரியத் தேசிய ஓய்வூதியத்தில் பணம் கட்டிய காலத்தையும் தகுதிக்குக் கூட்டிக்கொள்ளலாம். தொகை சிறியதுதான், அமெரிக்காவில் உழைத்த அளவுக்கே வரும். கணக்கில் வராத கூலிக்கு அந்த ஆறும் ஏறாது. முள்ளங்கிக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்: மணிக்கு ஒரு டாலர் குறைந்தாலும் பரவாயில்லை, சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகாமல், சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள் என்று. அதையும் அந்தப் பர்ஸில்தான் வைக்கிறார்.