சார்த்ர் பேராலயத்தின் வெளுத்த சுவர்கள்

அன்புள்ள ஐயா,

பாரிஸில் வேலை பார்க்கும் மகளுடன் சென்ற மாதம் பிரான்ஸின் சார்த்ர் நகரப் பேராலயத்துக்குப் போயிருந்தேன். 800 ஆண்டுப் பழமையைத் தேடிப் போனவனுக்கு நேற்றுச் சுண்ணாம்பு அடித்தது போன்ற சுவர்களே தெரிந்தன. அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம். பழமையை இப்படித் துடைத்தெடுக்கலாமா? ஊர் திரும்புமுன் இன்னொரு முறை போகலாமா?

ர.

அன்புள்ள ர.,

கட்டாயம் போங்கள்.

நீங்கள் தேடிய இருட்டு, கட்டியவர்கள் வைத்தது அல்ல; பின்னாளில் படிந்த மெழுகுவத்திப் புகையும் தூசியும். 1194 தீவிபத்துக்குப் பிறகு கோயிலை எழுப்பியவர்கள் சுவருக்கு வெளிர்மஞ்சள் காவி பூசி, அதன்மேல் கல் இணைப்புகளை வெள்ளைக் கோடுகளாக வரைந்தார்கள். அண்மைச் சீரமைப்பு அந்தப் பூச்சைத்தான் மீட்டிருக்கிறது. சுவர் வெளுத்தால் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களின் நிறம் மங்கும் என்று எதிர்த்தவர்கள் உண்டு. நான் சீரமைப்பின் பக்கம். ஆனால் அங்கே தூண்மேல் இருக்கும் மேரி சிலையான தூண்மாதாவின் முகத்தில் கைவைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. கரிய மாதா என்றே தலைமுறைகள் வணங்கிய மரச்சிற்பம் இன்று வெளிறிய முகத்துடன் நிற்கிறது. அந்தக் கருமை வழிபாட்டில் கலந்துவிட்ட ஒன்று. அதை விட்டுவைத்திருக்க வேண்டும்.

அடுத்த முறை ஒரு சிறு தொலைநோக்கி எடுத்துச் செல்லுங்கள். தெற்குப் பக்கத்தில், இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமையைக் காட்டும் சாளரம் இருக்கிறது. அதைக் கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும். அடியில் செருப்புத் தைக்கும் தொழிலாளர்கள் வேலையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே, எரிகோ நகருக்குப் போகிறவனைக் கள்வர் அடித்துப் போடுகிறார்கள். குருவும், கோயில் பணியாளனான லேவியனும் விலகிப் போகிறார்கள். சமாரியன் அவனைச் சத்திரத்தில் சேர்க்கிறான். கதை முடிந்தது என்று நினைத்தால், அதற்கும் மேலே ஆதாமும் ஏவாளும்! வழியில் அடிபட்டுக் கிடந்தவன் ஏதேன் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்ட மனிதன், தூக்கிச் சென்றவர் கிறிஸ்து என்று படிக்க வைக்கிறது சாளரம். இத்தனை ஆழமான வியாக்கியானத்தைச் செருப்புத் தைப்பவர்களின் தலைக்கு மேல் தொடங்கி வைத்தார்களே, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

அங்கிருந்து பீடத்தை நோக்கி நடந்தால் நீல உடை மாதா சாளரம். 1180ஐ ஒட்டிய அந்தக் கண்ணாடி 1194 தீயிலும் தப்பியது. 1939இல் போர் மூண்டபோது சாளரங்களை எல்லாம் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். இல்லையென்றால் நமக்கு எது மிஞ்சியிருக்குமோ.

வெயில் உள்ள நாளாகப் பார்த்து நண்பகலில் போங்கள். தெற்குச் சாளரங்களுக்கு அதுவே நல்ல நேரம்.