மனுஷங்களுக்குப் பழகிப்போன காட்டுப் பறவையைப் படம் எடுக்கிறது சீட்டிங்கா?

கேட்டவர் மலேசியாவுல பினாங்குல இருக்கிற செபராங் ஜெயா பறவைப் பூங்காவுல எடுத்த படத்தை ஃபோட்டோ குரூப்புல போட்டு 'இதெல்லாம் ஒரு படமா'ன்னு வாங்கிக் கட்டிக்கிட்டாராம். நான் பட்டர்வொர்த்காரன், எனக்கும் முன்னாடி அதே திமிர் இருந்துச்சு, அதனால சொல்றேன்.

அமெரிக்காவுல இருக்கிற சித்தி மகன் வீட்டுக்குப் போனப்ப ஃப்ளோரிடாவுல இந்தியன் ஷோர்ஸ்னு ஒரு கடற்கரை ஊரு, அங்க அடிபட்ட கடல் பறவைங்களுக்கு வைத்தியம் பாக்குற இடத்துக்குக் கூட்டிட்டுப் போனான். 1971ல ஆரம்பிச்சது. தூண்டில் முள்ளு குத்தினது, தூண்டில் நரம்பு சுத்திக்கிட்டு றெக்கை போனதுன்னு நிறைய கேஸ், திரும்பப் பறக்கவே முடியாததுங்க அங்கயே தங்கிடுது. ஆனா கூண்டுக்கு வெளிய ஒரு கூட்டம் நிக்கும் பாருங்க, அதெல்லாம் எந்தக் காயமும் இல்லாத காட்டுப் பெலிக்கனுங்க, கொக்குங்க, சும்மா மீன் வாசனைக்கு வந்து உக்காந்திருக்கு.

நான் பெருமையா தூரத்துல இருக்கிறதை இழுத்து எடுக்குற சிக்மா 150-600 லென்ஸைத் தூக்கிட்டுப் போயிருந்தேன். அதுக்குக் குறைஞ்சது 2.8 மீட்டர் தூரம் வேணும், பெலிக்கனோ வந்து என் செருப்புக்குப் பக்கத்துல நிக்குது, ஃபோகஸே ஆகலை! றெக்கையை விரிச்சா 2 மீட்டர் வர்ற பறவை, பின்னால போனா அதுவும் கூடவே நடந்து வருது. கடைசியில கேமரா கூட வந்த 18-55 கிட் லென்ஸ்தான் மானத்தைக் காப்பாத்துச்சு.

கிட்ட வந்துட்டா ஈஸின்னு நினைக்காதீங்க. பின்னாடி கம்பி வலை, குப்பைத் தொட்டி, யாரோ ஒரு அங்கிளோட முட்டி, எல்லாம் படத்துல விழும். மணல்ல குப்புறப் படுத்து அதோட கண்ணு மட்டத்துக்கு வந்தாதான் பின்னாடி கடல் மட்டும் கிடைச்சுச்சு (ஸூம் ரிங்குக்குள்ள போன மணல் இன்னும் கரகரங்குது, அது வேற கதை). பெலிக்கன் தலையும் கொக்கும் வெள்ளை, உச்சி வெயில்ல ஒரு இறகு கூடத் தெரியாம வெளுத்துப் போயிடும், எக்ஸ்போஷரை, அதாவது படத்தோட வெளிச்சத்தை, மைனஸ் 1 கிட்ட இறக்கி வச்சுதான் எடுத்தேன்.

இங்க கோலா மூடா பாசார் பிசிக் மீன் சந்தைப் பக்கம், வியாபாரிங்க காதோட காதா விலை சொல்லி மீன் எடுப்பாங்களே, அந்த மாதிரி படகு வர்ற இடங்கள்லயும் கொக்கும் செம்பருந்தும் மீன் கழிவுக்குத்தான் சுத்துது. அதை எடுத்தா 'வைல்ட்'னு கைதட்டுறோம், அதுவும் ஓசிச் சாப்பாட்டுக்கு வந்ததுதானே? என்னைக் கேட்டா சீட்டிங் படத்துல இல்ல, கேப்ஷன்லதான். கூண்டுப் பறவையை எடுத்துட்டு 'மூணு மணி நேரம் சேத்துல காத்திருந்தேன்'னு போட்டா அது ஃப்ராடு. எங்க எடுத்தீங்களோ அதை அப்படியே எழுதிட்டுப் போங்க.

ஒண்ணு மட்டும், படத்துக்காகக் கையில மீனை ஆட்டிக் கூப்பிடாதீங்க. தூண்டில்காரங்க கிட்டயும் அதே தைரியத்துல போய்த்தான் முள்ளுல மாட்டுதுங்க, ஃப்ளோரிடாவுல கூண்டுக்குள்ள ஒத்தை றெக்கையோட நின்னதைப் பாத்தப்புறம் எனக்கு மீன் வாளி பக்கமே போகத் தோணலை.